சமையலறை ரோடு

வீட்டைச் சுற்றி நூற்று நாற்பது மீட்டர் தண்டவாளம் போட்டு ரயில் விடுகிறவருக்குத் தெருவில் ஜி.எம். என்று பெயர். ஜெனரல் மேனேஜர் என்பதன் சுருக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூட்ஸ் மாமா என்பதன் சுருக்கம் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. இரு தரப்புக்கும் திருப்தியாக இருந்ததால் யாரும் யாரையும் திருத்தவில்லை.

ரயில்வேயில் அவர் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. குடிநீர் வாரியத்தில் விடுப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கிற விடுப்பை ஏன் தர முடியாது என்று கண்டுபிடிப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. முப்பத்து மூன்று வருஷம் அதைக் குறைவில்லாமல் செய்தார். காய்ச்சல் என்று எழுதினால் எத்தனை டிகிரி என்று கேட்டுத் திருப்புவார். கல்யாணம் என்று எழுதினால் யாருக்கு என்று கேட்பார். எனக்குத்தான் என்று ஒருவன் பதில் எழுத, ‘சான்று இணைக்கப்படவில்லை’ என்று மறுபடியும் திருப்பினார். அவன் சான்றை இணைத்தபோது முதல் குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று வாரியத்தில் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை குளித்து, சட்டை மாட்டி, திருப்பி அனுப்ப எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் தோட்டத்தில் முளையடித்துக் கயிறு கட்ட ஆரம்பித்தார். மனைவியின் தக்காளிப் பாத்தி ‘நிலம் கையகப்படுத்துதல்’ என்ற தலைப்பில் போயிற்று.

தண்டவாளத்தின் அகலம் ஐந்து அங்குலம். இரும்புப் பட்டைகளை அறுத்து, வளைத்து, கட்டைகளில் திருகி, அடியில் ஜல்லி கொட்டி இறுக்கி, எல்லாம் அவரே செய்தார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. வெயிலில் இரும்பு நீளும், அதனால் இணைப்புக்கு இணைப்பு நகக்கனம் இடைவெளி வேண்டும் என்று எங்கோ படித்தவர், ஒவ்வோர் இடைவெளியிலும் தன் நகத்தையே விட்டுப் பார்த்தார். இந்த விஷயத்தில் மட்டும் அவரைக் கிண்டல் செய்ய வழியில்லை. வண்டி ஒருநாளும் தடம் புரண்டதில்லை.

எஞ்சின் பேட்டரியில் ஓடுவது. முழங்கால் உயரம், நீல வர்ணம். பின்னால் மூன்று தட்டைப் பெட்டிகள். எஞ்சின் மேலேயே இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். யார் உட்கார்ந்தாலும் பெரிய மனுஷன் குழந்தை நாற்காலியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். தான் உட்கார்ந்தால் அப்படி இல்லை என்று ஜி.எம். நம்பினார்.

நிலையங்கள் இரண்டு. வாசல் பக்கம் ‘முன்கேட் சந்திப்பு’. அங்கே எந்த இரண்டு தடமும் சந்திக்கவில்லை. பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ‘சமையலறை ரோடு’. அங்கே ரோடு கிடையாது. முன்கேட்டுக்கு அவரே அதிகாரி. சமையலறை ரோடுக்கு மனைவியை நியமித்து உத்தரவு போட்டு, அதைப் பாத்திர அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். ஒற்றைத் தடத்தில், எதிர் நிலையம் ‘லைன் கிளியர்’ கொடுக்காமல் வண்டி நகரக் கூடாது. அவர் வாசலில் பொத்தானை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். தடம் காலியாக இருக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அவள் மூன்று முறை அழுத்த வேண்டும். பிறகுதான் வண்டி. வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போகும்வரை நிலைய அதிகாரி இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று இன்னொரு விதி.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில்மேல் முழங்கையை ஊன்றியபடி ஒருநாள் கேட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்ட இருக்கறதே ஒரு வண்டி. அது எது கூட மோதும்?”

“மோதாம இருக்கே, டாக்டர். எதனால? விதியாலதான்.”

டாக்டர் கொஞ்ச நேரம் அதை மென்று பார்த்தார். எங்கே கடிப்பது என்று தெரியவில்லை.

மூன்று வருஷம், தினம் ஆறு வண்டி. ஒரு கையில் கரண்டியோடு அவள் மறுகையால் மூன்று முறை அழுத்துவாள். சில நாள் மணி அடிக்கும் முன்பே அழுத்திவிடுவாள். அதற்கு அவர் உள்ளே வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எத்தனை ஆபத்து என்று விளக்குவார். “சரிங்க” என்பாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் மணியில்தான்.

ஒரு புதன்கிழமை அது நடந்தது. நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. தோட்டத்தில் வெயில் விழும் ஒரே இடம் தண்டவாளத்தின் வளைவு. அவள் துணி உலர்த்தும் சட்டத்தைக் கொண்டுபோய் அங்கே விரித்து வைத்தாள். அதில் பெரிய போர்வையைப் போட்டாள். பிறகு உள்ளே போய் வெங்காயம் அரிந்தாள். மணி அடித்தது. கண்ணில் நீர் வடிய, பழக்கத்தில் மூன்று முறை அழுத்திவிட்டாள்.

பத்து நாற்பது வண்டி வளைவில் திரும்பியது. சட்டம் மடங்கியது. ஈரப் போர்வை ஜி.எம்.மைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்தியது. போர்வைக்குள் இருந்தபடியே அவர் விதிப்படி ஹாரன் அடித்துக்கொண்டு, சமையலறை ரோடில் நிற்காமல், எலுமிச்சை மரம்வரை போனார்.

அவள் சிரித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் டாக்டரும் சிரித்தார். டாக்டரை அவர் மன்னித்துவிட்டார்.

அன்று மதியம் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாணை இருந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று. லைன் கிளியர் கொடுத்த தடத்தில் பொருள் வைத்திருந்தது. அதைத் தெரிவிக்கத் தவறியது. மூன்றாவது, விபத்து நடந்த இடத்தில், பணியில் இருக்கும்போதே, சிரித்தது. எழுத்துமூலம் விளக்கம் தர மூன்று நாள் கெடு.

பாதி விளையாட்டாகத்தான் எழுதினேன் என்று அவர் பிற்பாடு டாக்டரிடம் சொன்னார். எந்தப் பாதி என்று டாக்டர் கேட்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. குறிப்பாணையின் பின்பக்கத்திலேயே, சாமான் பட்டியல் எழுதும் பென்சிலால்: ‘அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். கூட இருக்க வேண்டும். விடுப்பு தேவை. எத்தனை நாள் என்று தெரியாது.’

ஜி.எம்.முக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இவள் முறைப்படி எழுதிக் கேட்டிருக்கிறாள். பெட்டியிலிருந்து முத்திரையை எடுத்து, ஊதி, ‘அனுமதிக்கப்பட்டது’ என்று நேராகக் குத்தி, சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். அவள் அதை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பைகளோடு பஸ் ஏறினாள்.

அது நடந்து எட்டு மாதம்.

முதல் வாரம் வண்டி ஓடவில்லை. லைன் கிளியர் கொடுக்க ஆளில்லை. பிறகு அவர் ஒரு தாற்காலிக ஏற்பாடு செய்துகொண்டார். வாசலில் பொத்தானை அழுத்துவார். வீட்டைச் சுற்றிக்கொண்டு நடந்து சமையலறைக்குப் போவார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். தடம் காலியாக இருக்கும். மூன்று முறை அழுத்துவார். திரும்ப நடந்து வாசலுக்கு வந்து, லைன் கிளியர் வந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதி, எஞ்சினில் ஏறி உட்கார்ந்து கிளம்புவார். சமையலறை ரோடில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். ஜன்னலுக்குள் அடுப்பு தெரியும். அதன்மேல் ஒரு பாத்திரம், அதே இடத்தில். இரண்டு நிமிஷம் என்று அட்டவணையில் போட்டபோது அது இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது.

பதிவேட்டில் ‘பயணிகள்’ என்று ஒரு பத்தி. தினம் ஆறு முறை ‘இல்லை’ என்று எழுதினார்.

போன் பேசாமல் இல்லை. ஞாயிறுதோறும் கூப்பிடுவார். “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு. நீ?” “ஆச்சு.” “சரி.” “சரி.” திரும்பி வா என்று சொல்ல வாய்வரை வரும். ஆனால் அவருக்குத் தெரிந்த மொழியில் அது ‘உடனடியாகப் பணியில் சேருமாறு’ என்றுதான் ஆரம்பிக்கும். அப்படி ஆரம்பிக்கக் கூடாது என்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி வந்திருந்தது. வேறு எப்படி ஆரம்பிப்பது என்று வரவில்லை.

அந்த நேரத்தில் மகளின் போன் வந்தது. “அப்பா, சனிக்கிழமை பத்து மணிக்கு அம்மா அங்க வர்றாங்க. இருப்பீங்கல்ல?”

“நான் எங்கம்மா போகப்போறேன்?”

“இல்ல, ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க...” அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் வீடு அமர்க்களப்பட்டது. நிலையப் பலகைகளுக்குப் புது வர்ணம். சக்கரங்களுக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டரை மதிலுக்கு அழைத்து ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். குறிப்பாணை ரத்து செய்யப்படுகிறது. மேலும், சமையலறை ரோடு அதிகாரி, தலைமை நிலைய அதிகாரியாகப் பதவி உயர்த்தப்படுகிறார்.

டாக்டர் இரண்டு முறை படித்தார். “இதுல மன்னிச்சுக்கோன்னு எங்க வருது?”

“அதான் ரத்துன்னு போட்டிருக்கேனே.”

“சார், நான் பல்லைப் புடுங்கிட்டு ‘பல் ரத்து’ன்னு சீட்டு குடுத்தா வலி போயிடுமா?”

ஜி.எம். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உவமை பொருந்தவில்லை என்று அவருக்குப் பட்டது. பொருந்தாத உவமை ஏன் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது என்று புரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஒரு சிறிய சரக்கு வேன் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாளா, முகம் தெளிந்திருந்ததா என்று அவருக்கு முடிவு செய்ய முடியவில்லை. பையெதுவும் அவள் கொண்டுவரவில்லை என்பதைத்தான் முதலில் பார்த்தார்.

“தையல் மிஷின எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க,” என்றாள். “அங்க ரெண்டு மூணு பேர் தைக்கக் குடுக்கறாங்க. அவ சொல்லலையா?”

“சொன்னா,” என்றார் அவர். சட்டைப்பையில் தாள் மொறுமொறுத்தது.

மிஷின் பின் அறையில் இருந்தது. கால் மிதி வைத்த, இரும்புச் சட்டம் போட்ட பழைய கனம். அதை வீட்டுக்குள் வழியாக வாசலுக்குக் கொண்டுவர முடியாது. இந்த எட்டு மாதத்தில் கூடம் ‘பணிமனை’ ஆகிவிட்டிருந்தது. சோபா இருந்த இடத்தில் துளைபோடும் மேசையும், மிச்சத் தண்டவாளமும், சக்கரங்களும். அவள் வாசற்படியில் நின்று கூடத்தைப் பார்த்தாள். பக்கவாட்டுச் சந்தில் ஜல்லியும் கட்டையுமாகத் தண்டவாளம்.

வேன் டிரைவர் சந்துக்குள் எட்டிப் பார்த்தார். “இதுல தூக்கிட்டு நடந்தா கால் போயிடும்ங்க. நான் வண்டி ஓட்டப் பொறந்தவன், நொண்டப் பொறந்தவன் இல்ல.” பிறகு நீல எஞ்சினைப் பார்த்தார். “ஏன், இது ஓடாதா? சும்மா பொம்மையா?”

“எழுநூறு கிலோ இழுக்கும்,” என்றார் ஜி.எம்.

“அப்புறம் என்ன? ஏத்துங்க.”

அப்படியாக, அந்த ரயில்வே தொடங்கிய நாள்முதல் ஏற்றிய முதல் சரக்கு அவளுடைய தையல் மிஷின். மூவருமாகத் தூக்கிச் சமையலறை ரோடில் நடுப்பெட்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். டிரைவர் இறக்குவதற்கு வாசலுக்குப் போய்விட்டார். மிஷின் ஆடியது. யாராவது பின்பெட்டியில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் ஒன்றும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் மெதுவாக எடுத்தார். எலுமிச்சை மரத்தைத் தாண்டிச் சந்துக்குள் நுழையும்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த மூன்று வருஷத்தில் அவள் ஒருநாளும் வண்டியில் ஏறியதில்லை. நிலைய அதிகாரி இடத்தைவிட்டு நகரக் கூடாதே.

சந்து குறுகல். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மதில். முழங்கையை ஒடுக்கித்தான் போக வேண்டும். முன்னால் அவர், நடுவே மிஷின், பின்னால் அவள். திரும்பிப் பார்த்தால் வண்டி சாயும். முகம் தெரியாததால் அவருக்குப் பேச்சு வந்தது.

“அக்கா முட்டி எப்படி இருக்கு?”

“அது சரியாகி ஆறு மாசமாச்சு. கடைக்கெல்லாம் நடந்தே போறா.”

வண்டி நின்றது.

“ஏன் நின்னுச்சு?”

“சிக்னல்.”

“இங்க ஏதுங்க சிக்னல்?”

இல்லைதான். அவருக்கு முன்னால் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ சிரிச்சதுக்கு எழுதினேனே. அது எழுதியிருக்கக் கூடாது.”



“அதை விடுங்க. அது உங்க குணம். எனக்கு அது பழக்கம்தான். அன்னிக்கு அதுக்காகப் போகல நான்.” மிஷின் சக்கரத்தை அவள் விரலால் லேசாகத் திருப்பும் சத்தம் கேட்டது. “ஒண்ணு கேக்கறேன். ஆபீஸ்ல, தேதி போடாம லீவு கேட்டா குடுப்பீங்களா?”

“அதெப்படிக் குடுக்க முடியும்? எந்த நாள்லேர்ந்து எந்த நாள்வரைன்னு இல்லாம...”

“முப்பத்து மூணு வருஷத்துல ஒருத்தருக்காவது?”

“ஒருத்தருக்கும் இல்ல.”

“எனக்குக் குடுத்தீங்க.”

குழாயில் ஓர் இடத்தில் துரு பிடித்திருந்தது. அவர் அதையே பார்த்தார்.

“திருப்பி அனுப்புவீங்கன்னுதான் அப்படி எழுதினேன். எத்தனை நாள், என்னிக்கு வருவே, சான்று எங்கன்னு கேப்பீங்கன்னு பாத்தேன். ஊர்ல போற வர்றவனையெல்லாம் கேட்டவரு. எடுத்த எடுப்புல குத்திட்டீங்க. நேரா வேற குத்தியிருந்தீங்க. சரி, இங்க நம்மளைத் தேட மாட்டாங்க போலன்னு கிளம்பிட்டேன்.”

நீ எழுதிக் கேட்டாயே என்ற சந்தோஷத்தில் குத்திவிட்டேன் என்று அவர் சொல்ல நினைத்தார். வாக்கியமாக அமைத்துப் பார்த்தார். கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது. உண்மையாக இருந்தும் அது விளக்கக் கடிதம் மாதிரியே ஒலித்தது.

“இப்ப கேக்கறேன்,” என்றார். “என்னிக்கு வருவே?”

“தெரியலைங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். “வண்டியை எடுங்க. அந்த ஆள் காத்துட்டிருக்கார்.”

அவர் எடுத்தார். அந்த எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓடுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார். அப்படியும் வாசல் வந்துவிட்டது.

மிஷினை வேனில் ஏற்றிய பிறகு அவள் கையைத் தட்டிக்கொண்டே, “வீட்ல ஒரு மனுஷன் உட்கார இடம் இல்லையேங்க,” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை வேணா அங்க வாங்க. சாயங்காலமா வாங்க. மத்தியானம் அக்கா தூங்குவா.”

வேன் போனது. சட்டைப்பையிலிருந்த பதவி உயர்வை அவர் அன்று முழுக்க எடுக்கவில்லை. திங்கட்கிழமை துணியோடு அது ஊறிக் கூழாகிவிட்டது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அக்கா கதவைத் திறந்து, “வாங்க,” என்றுவிட்டு, கதவுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். யார் வந்தாலும் உட்கார்வதற்கான நாற்காலி அது. கேஸ் சிலிண்டர்காரர் கையெழுத்து வாங்கும்போது அதில்தான் உட்கார்வார் போலிருந்தது. ஜி.எம். அதில் உட்கார்ந்தார். அங்கே அவரை யாரும் ஜி.எம். என்று அழைக்கவில்லை. வேறு எதுவாகவும் அழைக்கவில்லை.

ஜன்னலோரம் மனைவி யாருக்கோ திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். நீளமான பச்சைத் துணி. தேநீர் கொடுத்தாள், தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவர் கூடத்தைக் காலி செய்ய ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். சக்கரங்களையெல்லாம் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டாராம். “ம்” என்றாள். சோபாவின் ஒரு கால் உளுத்துவிட்டது என்றார். “எந்தக் கால்?” என்று கேட்டாள். இடது பக்கம், பின்னால் என்றார். அதற்குமேல் சோபாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது.

“ஆறு பத்துக்கு பஸ்,” என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதை விட்டா ஏழே முக்கால்தான்.”

“தெரியும். வரும்போதே கேட்டுட்டேன்.” அவர் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். “ஏழே முக்காலுக்கே போறேனே.”

ஊசியில் நூல் அறுந்திருந்தது. அதைக் கோக்க மூன்று முறை முயன்றாள்.

உள்ளறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினாள்: “என்னடி, அவர் இன்னும் கிளம்பலையா?”

“பஸ் போயிடுச்சாம்க்கா,” என்றாள் மனைவி.

மணி அப்போது ஐந்து இருபது.